நீரில் தானாக நீந்தும் நுண்துகள்கள்: முதல் சோதனைக்கான வழிகாட்டி

இரண்டு மைக்ரோமீட்டர் விட்டமுள்ள பாலிஸ்டைரீன் உருண்டையின் ஒரு பாதியில் மட்டும் சில நானோமீட்டர் தடிமனுக்குப் பிளாட்டினம் பூசி, ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த நீரில் விட்டால், அது நொடிக்குச் சில மைக்ரோமீட்டர் வேகத்தில் தானாக நீந்தும். வெளியிலிருந்து எந்தக் காந்தமும் மின்புலமும் அதை இழுப்பதில்லை. இரண்டு முகம் கொண்டதால், ரோமானியரின் இருமுகக் கடவுளான ஜேனஸின் பெயரால் இவற்றை ஜேனஸ் துகள்கள் என்கிறார்கள். சாதாரண ஒளி நுண்ணோக்கியும், உலோகம் பூசும் கருவியைச் சில மணிநேரம் பயன்படுத்தும் வாய்ப்பும் இருந்தால் இதைச் செய்து பார்த்துவிடலாம்.

துகளை நகரவைப்பது இதில் கடினமான பகுதி அல்ல. நுண்ணோக்கியின் கீழே எல்லாமே நகரும்: வெப்பத்தால் நடுங்கும், கலத்தின் ஓரத்தில் நீர் ஆவியானால் மிதந்து போகும், குமிழி வளர்ந்தால் கூட்டமாக ஓடும். துகள் தன் சொந்த உந்துதலால்தான் போகிறது என்று எண்களால் காட்டுவதுதான் வேலை. கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்காகவே.

முதலில் கணக்கு

எதையும் தொடுவதற்கு முன் ஐந்தாறு எண்களைத் தாளில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆரம் 1 மைக்ரோமீட்டர், வேகம் நொடிக்கு 5 மைக்ரோமீட்டர், 25 டிகிரி செல்சியஸ் நீர் (பாகுநிலை 0.89 மில்லிபாஸ்கல்-நொடி) என்று எடுத்துக்கொள்வோம்.

நிலைம விசைக்கும் பாகியல் விசைக்கும் உள்ள விகிதமான ரெனால்ட்ஸ் எண், அதாவது அடர்த்தி × வேகம் × ஆரம் ÷ பாகுநிலை, சுமார் 6 × 10⁻⁶ வரும். நிலைமம் இங்கே ஒரு பொருட்டே அல்ல. உந்துதல் நின்றால் இந்தத் துகள் கால் மைக்ரோநொடியில் நின்றுவிடும். அதற்குள் அது கடக்கும் தூரம் ஒரு பிகோமீட்டரை ஒட்டியது. ஒரு ஹைட்ரஜன் அணுவின் அகலத்தில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே படத்தில் ஒரு துகள் இழுபட்டுப்போய் மெதுவாக நிற்பதுபோலத் தெரிந்தால் அது நிலைமத்தால் வந்ததல்ல. திரவம் ஓடுகிறது, அல்லது துகள் தளத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நிலைமம் இல்லாத உலகில் நீந்துவதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. இயற்பியலாளர் எட்வர்ட் பர்செல் 1977-ல் அதை எளிமையாகச் சொன்னார்: ஒரே ஒரு கீல் உள்ள சிப்பி, திறந்து மூடித் திறந்து மூடி எங்கும் போக முடியாது. திறக்கும்போது முன்னே போன தூரம், மூடும்போது அப்படியே திரும்பி வந்துவிடும்; வேகமாக மூடினாலும் மெதுவாக மூடினாலும் இதில் மாற்றமில்லை. ஜேனஸ் துகள் இந்தச் சிக்கலுக்குள் வருவதே இல்லை, ஏனென்றால் அது தன் வடிவத்தை மாற்றுவதில்லை. பிளாட்டினம் பெராக்சைடை நீராகவும் ஆக்சிஜனாகவும் சிதைப்பதால் உருண்டையின் இரு பக்கமும் வேதிச்சூழல் வேறுபடுகிறது. அந்த வேறுபாடு மேற்பரப்பை ஒட்டிய மிக மெல்லிய அடுக்கில் திரவத்தை இடைவிடாமல் நழுவச் செய்கிறது. திரவம் பின்னோக்கி நழுவ, உருண்டை முன்னோக்கிப் போகிறது. உருண்டையின் வேகம், மேற்பரப்பு முழுவதும் எடுத்த நழுவல் வேகச் சராசரியின் எதிர்க்குறி. நழுவல் வேகம் தெரிந்துவிட்டால் அழுத்தத்தையும் விசையையும் தனியாகக் கணக்கிடத் தேவையில்லை.

அடுத்து வெப்ப நடுக்கம். இந்த நடுக்கத்தால் துகள் எவ்வளவு விரைவாகப் பரவுகிறது என்பதன் அளவு விரவல் கெழு: வெப்ப ஆற்றல் (போல்ட்ஸ்மன் மாறிலி × கெல்வின் வெப்பநிலை) ÷ (6 × பை × பாகுநிலை × ஆரம்). நம் துகளுக்கு நொடிக்கு 0.245 சதுர மைக்ரோமீட்டர். துகளின் திசையும் வெப்பத்தால் மாறிக்கொண்டே இருக்கும். சுழற்சி விரவலுக்கு 6-க்குப் பதில் 8, ஆரத்துக்குப் பதில் ஆரத்தின் கனம் போட்டால் நொடிக்கு 0.184 வரும். இதன் தலைகீழ் 5.4 நொடி, துகள் தன் திசையை மறக்க எடுக்கும் நேரம் இது. இதைத் திசை மறதி நேரம் என்று வைத்துக்கொள்வோம். வேகம் 5 என்றால் திசை மாறுமுன் துகள் சுமார் 27 மைக்ரோமீட்டர் ஓரளவு நேராகப் போகும். நீண்ட நேரத்தில் பார்த்தால் இது வெறும் விரவலாகத்தான் தெரியும், ஆனால் அதன் கெழுவோடு வேகம்² × மறதி நேரம் ÷ 2 கூடியிருக்கும். 0.245 இருந்த இடத்தில் இப்போது கிட்டத்தட்ட 68.

மறதி நேரம் ஆரத்தின் கனத்தோடு கூடுவதைக் கவனியுங்கள். ஆரத்தைப் பாதியாக்கினால் மறதி நேரம் எட்டில் ஒன்றாகி 0.7 நொடிக்குப் போய்விடும்; பாதை சுருண்டுவிடும், வேகத்தை அளப்பதும் கடினமாகும். புதிதாகத் தொடங்குபவருக்கு 2 மைக்ரோமீட்டர் விட்டமே பொருத்தம் என்பதற்கு இதுதான் காரணம்.

கணினியில் ஒருமுறை நீந்தவிடுங்கள்

ஆய்வகத்துக்குள் போவதற்கு முன் இருபது வரி நிரல் ஒன்று எழுதுங்கள். ஒவ்வொரு துகளுக்கும் இரண்டு ஆயங்கள், ஒரு கோணம். காலப்படி 0.01 நொடி. ஒவ்வொரு படியிலும்:

1. கிடை ஆயத்தோடு வேகம் × கோணத்தின் கொசைன் × காலப்படி, செங்குத்து ஆயத்தோடு வேகம் × கோணத்தின் சைன் × காலப்படி ஆகியவற்றைக் கூட்டுங்கள்.
2. இரண்டு ஆயங்களோடும் தனித்தனியாக ஒரு குலுக்கல் எண்ணைக் கூட்டுங்கள். அதன் அளவு: (2 × விரவல் கெழு × காலப்படி) என்பதன் வர்க்கமூலத்தை, சராசரி 0, திட்டவிலக்கம் 1 உள்ள காஸியன் எண்ணால் பெருக்கி வருவது.
3. கோணத்தோடும் அதேபோல ஒரு குலுக்கல். இங்கே சுழற்சி விரவல் கெழுவைப் போட வேண்டும்.

ஆயிரம் துகள்களை நூறு நொடி ஓடவிட்டு, இடப்பெயர்ச்சியின் வர்க்கச் சராசரியைக் காலத்துக்கு எதிரே வரையுங்கள். மேலே சொன்ன எண்களைப் போட்டிருந்தால் 1 நொடியில் 24.5 சதுர மைக்ரோமீட்டரும், 54 நொடியில் சுமார் 13,200 சதுர மைக்ரோமீட்டரும் வர வேண்டும். சில விழுக்காடு முன்பின் இருப்பது இயல்பு. பத்து மடங்கு தவறினால் பெரும்பாலும் வர்க்கமூலம் விட்டுப்போயிருக்கும். கோணத்தை ரேடியனுக்குப் பதில் டிகிரியில் போட்டதும், காஸியனுக்குப் பதில் 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட சீரான குலுக்கல் எண்ணைப் போட்டதும் அடுத்தபடியாகப் பார்க்க வேண்டிய தவறுகள். வேகத்தைப் பூஜ்யமாக்கினால் 4 × விரவல் கெழு × காலம் என்ற நேர்கோடு வர வேண்டும். காலப்படியைப் பாதியாக்கினாலும் விடை மாறக் கூடாது.

இப்போது இன்னொன்றையும் செய்யுங்கள். உந்துவேகத்தைப் பூஜ்யமாக்கி, எல்லாத் துகள்களுக்கும் ஒரே திசையில் நொடிக்கு 1 மைக்ரோமீட்டர் மிதப்பை, அதாவது நீரோட்டம் அடித்துச் செல்லும் நகர்வை, சேருங்கள். வரைகோடு அழகாக வளைந்து மேலேறும். நீந்தும் துகளின் வரைகோட்டைப் போலவே. மிதப்பும் நீச்சலும் தொடக்கத்தில் ஒரே பரவளையத்தைத்தான் தருகின்றன. ஆய்வகத்தில் உங்களை ஏமாற்றப்போவது இதுதான் என்பதால், இங்கேயே அதன் முகத்தைப் பழகிக்கொள்வது நல்லது.

துகள் தயாரிப்பு

கடையில் கிடைக்கும் பாலிஸ்டைரீன் உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கச் சோப்பு வகை சர்ஃபாக்டன்ட் கலந்து வரும். அது பிளாட்டினத்தின் வினைத்திறனையும் மேற்பரப்பு மின்னூட்டத்தையும் கெடுக்கும், கழுவாமல் தொடங்காதீர்கள். 2.5 விழுக்காடு கலவையில் 100 மைக்ரோலிட்டர் எடுத்து, 1 மில்லிலிட்டர் அயனி நீக்கிய நீர் சேர்த்து, புவியீர்ப்பைப் போல 2000 மடங்கு விசையில் சென்ட்ரிஃப்யூஜில் ஐந்து நிமிடம் சுற்றுங்கள். மேல்நீரை எடுத்துவிட்டுப் புது நீர் விட்டுக் கலக்குங்கள். மூன்று முறை. கடைசி முறை நீருக்குப் பதில் எத்தனால். 2.5 மில்லிகிராம் பாலிஸ்டைரீன் இருக்கிறது, எனவே 1 மில்லிலிட்டர் எத்தனாலில் 0.25 விழுக்காடு கலவை கிடைக்கும்.

25 மில்லிமீட்டர் சதுரக் கண்ணாடித் தகட்டை அசிட்டோன், எத்தனால், நீர் என்று வரிசையாகக் கழுவி உலர்த்தி, வசதியிருந்தால் சில நிமிடம் பிளாஸ்மாவால் சுத்தம் செய்யும் கருவியில் வையுங்கள். நீர்த்துளி அதன்மேல் குவியாமல் படர வேண்டும். அதில் 100 மைக்ரோலிட்டர் கலவையை விட்டு நிமிடத்துக்கு 2000 சுற்றில் அரை நிமிடம் ஸ்பின் கோட்டரில் சுற்றினால் உருண்டைகள் ஒற்றை அடுக்காகப் பரவும். நுண்ணோக்கியில் பாருங்கள். துகள்கள் தனித்தனியாக நிற்க வேண்டும். தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு உருண்டைகளைப் பிளாட்டினம் சேர்த்துப் பிணைத்துவிடும், பின்பு அவை ஜோடியாக வட்டமடிக்கும். அடுக்கின்மேல் அடுக்காக இருந்தால் கீழே உள்ளவற்றுக்கு நிழல் விழுந்து பாதிப் பூச்சு பிறைபோல ஆகும். நிறைய வேண்டும் என்று செறிவைக் கூட்டத் தேவையில்லை. தகட்டின் பரப்பில் ஒரு விழுக்காட்டை மட்டும் துகள்கள் மூடியிருந்தாலே சுமார் இருபது லட்சம் துகள்கள் அங்கே உண்டு.

பூச்சுக்கு எலக்ட்ரான் கற்றையால் ஆவியாக்கும் கருவியே சிறந்தது. உலோக ஆவி நேர்கோட்டில் வருவதால் உருண்டையின் மேல்பாதியில் மட்டும் படியும். தகடு கற்றைக்கு நேர்செங்குத்தாக இருக்கட்டும். சாய்ந்தால் தொப்பியும் சாய்ந்துவிடும், துகள் வட்டமிடத் தொடங்கும். ஸ்பட்டரிங் கருவிதான் இருக்கிறது என்றால் அதிலும் செய்யலாம், ஆனால் அணுக்கள் பல திசையிலிருந்தும் வருவதால் பூச்சு நடுக்கோட்டைத் தாண்டி வழியும். இரு பக்க வேறுபாடு குறையும். பாலிஸ்டைரீன் சுமார் 100 டிகிரியில் இளகத் தொடங்கும், பிளாட்டினத்தை ஆவியாக்கும் மூலமோ கடும் வெப்பத்தை வீசும். தொடர்ந்து பூசாமல் இடைவெளி விட்டுப் பூசுங்கள்.

தடிமன் எவ்வளவு? 5 நானோமீட்டர் போதும். கூடுதலாகப் பூசினால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். 2 மைக்ரோமீட்டர் பாலிஸ்டைரீன் உருண்டைக்கு நீரில் உள்ள எடை, மிதப்பு விசையைக் கழித்தபின், வெறும் 0.2 பிகோகிராம் நிறைக்குச் சமம். 5 நானோமீட்டர் பிளாட்டினத் தொப்பியின் அதே எடையோ 0.3 பிகோகிராமுக்கு மேல். உருண்டையைவிடத் தொப்பி கனம்! தொப்பி கீழே தொங்கப் பார்க்கும். இந்தத் துகள் பிளாட்டினம் இல்லாத பக்கத்தை முன்வைத்து நீந்துவதால், தொப்பி கீழே என்றால் துகள் மேல்நோக்கிப் போகும். 5 நானோமீட்டரில் இந்தத் திருப்பு விசைக்கான ஆற்றல் வெப்ப ஆற்றலில் பாதி அளவு. 10 நானோமீட்டரில் வெப்ப ஆற்றலுக்கே சமமாகிவிடும். அது தடிமனோடு நேர்விகிதத்திலும் ஆரத்தின் கனத்தோடும் கூடும். 5 மைக்ரோமீட்டர் விட்டத் துகளில் பதினைந்து மடங்கு ஆகிறது. அங்கே துகள்கள் கலத்தின் மேல்கூரைக்கு ஏறி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். தளத்தில் ஒன்றுமே இல்லையே என்று திகைப்பவர்கள் குவியத்தை மேலே நகர்த்திப் பார்க்க வேண்டும்.

பூசிய துகள்களைத் தகட்டிலிருந்து எடுக்க, லென்ஸ் துடைக்கும் தாளின் சிறு துண்டை நீரில் நனைத்து மெல்லத் துடைத்து, அந்தத் துண்டை 1 மில்லிலிட்டர் நீரில் போட்டுக் குலுக்குங்கள். தகட்டோடு நீரில் வைத்து அல்ட்ராசோனிக் தொட்டியில் பத்து இருபது நொடி வைப்பதும் வழக்கம்தான், ஆனால் நேரம் கூடினால் தொப்பி உரியும். தகட்டில் படிந்த பிளாட்டினப் படலமும் செதிலாக வந்து கலந்து, துகளைவிட வேகமாகப் பெராக்சைடைக் குமிழியாக்கும்.

எரிபொருளும் கலமும்

30 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு வலுவான ஆக்சிஜனேற்றி. தோலில் பட்டால் வெளுத்து எரியும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடியும் நைட்ரைல் கையுறையும் இல்லாமல் திறக்காதீர்கள். அசிட்டோன் போன்ற கரிமக் கரைப்பான்களோடு அது கலக்கவே கூடாது. கழுவிய பாத்திரம் முழுக்க உலர்ந்திருக்க வேண்டும். ஊற்றிய மிச்சத்தைப் பாட்டிலுக்குத் திருப்பி ஊற்றாதீர்கள். பிளாட்டினத் துகள் கலந்த எதையும் இறுக மூடி வைக்காதீர்கள். ஆக்சிஜன் சேர்ந்து குப்பி வெடிக்கும். கழிவுக் குப்பிக்குக் காற்றுத்துளை உள்ள மூடி போடுங்கள்.

கடைப் பெராக்சைடில் பெரும்பாலும் பாஸ்பேட் போன்ற நிலைப்படுத்திகள் இருக்கும். அவை அயனிகள், அயனிகள் இந்தத் துகள்களை மந்தமாக்கும். ஒரே பாட்டிலை, ஒரே தொகுதியைச் சோதனை முழுவதும் பயன்படுத்துங்கள், புதிதாகக் கலந்து அன்றே முடியுங்கள். 1 மில்லிலிட்டர் கலவையில் 3 விழுக்காடு வேண்டுமென்றால் 100 மைக்ரோலிட்டர் 30 விழுக்காட்டுப் பெராக்சைடு, 900 மைக்ரோலிட்டர் துகள்-நீர்க் கலவை. 0, 1, 2, 3, 5, 10 என்று செறிவுத் தொடர் எடுங்கள். வேகம் முதலில் ஏறி, பிறகு தட்டையாகும், ஏனென்றால் பிளாட்டினப் பரப்பில் வினை நடக்கும் இடங்கள் நிரம்பிவிடுகின்றன. 10 விழுக்காட்டில் குமிழித் தொல்லை அதிகம். முதல் நாள் 3-ல் தொடங்குவதே நல்லது.

கலத்துக்குச் செவ்வகக் கண்ணாடிக் குவளை (1 மில்லிமீட்டர் ஒளிப்பாதை) அல்லது இரண்டு கவர் ஸ்லிப்களுக்கு இடையே 150 மைக்ரோமீட்டர் இடைவெளி போதும். ஓரங்களை மூடாவிட்டால் ஆவியாதல் ஓட்டத்தை உண்டாக்கும். மூடினால் ஆக்சிஜன் தேங்கிக் குமிழி வரும். இரண்டுக்கும் நடுவான தீர்வு, துகள் செறிவைக் குறைப்பது: பார்வைப்புலத்தில் பத்து முதல் முப்பது துகள், அதற்கு மேல் வேண்டாம். பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் ஒரு கலத்தை முடித்துவிட்டுப் புதியதற்குப் போங்கள். பெராக்சைடும் குறைந்துகொண்டே வருவதால், பழைய கலத்தில் எடுத்த அளவைப் புதியதோடு ஒப்பிட முடியாது.

துகள்கள் தளத்தில் ஒட்டிக்கொண்டால் முதலில் கண்ணாடியின் சுத்தத்தையும் பிறகு நீரின் அயனிகளையும் சந்தேகியுங்கள். துகளும் கண்ணாடியும் நீரில் ஒரே வகை (எதிர், −) மின்னூட்டம் பெறுவதால் ஒன்றையொன்று தள்ளும். ஒரு லிட்டருக்கு 10 மைக்ரோமோல் உப்பில் அந்தத் தள்ளலின் எல்லை கிட்டத்தட்ட 100 நானோமீட்டர். 1 மில்லிமோலில் அது 10 நானோமீட்டருக்குச் சுருங்கிவிடும். கைபட்ட பிப்பெட் முனையே இந்த வேறுபாட்டை உண்டாக்கப் போதும்.

படம்பிடித்தல்

20 அல்லது 40 மடங்கு பொருளருகு வில்லை, சாதாரண ஊடுஒளி. பிளாட்டினப் பக்கம் கருப்பாகத் தெரியும். துகளின் திசையையே படத்திலிருந்து படிக்க முடியும் என்பது இந்த முறையின் பெரிய வசதி. நொடிக்கு 20 முதல் 30 படச்சட்டம். வெளிச்சத்தைக் கூட்டி ஒளிபடு நேரத்தை 5 மில்லிநொடிக்குள் வையுங்கள். நுண்ணோக்கி விளக்கு கலத்தைச் சூடாக்கினால் வெப்ப ஓட்டம் உருவாகும், ஆகவே வெப்பத்தை வடிகட்டும் வடிப்பான் போடுங்கள். அளவுகோல் தகட்டைப் படமெடுத்து ஒரு பிக்சல் எத்தனை மைக்ரோமீட்டர் என்று அன்றன்றைக்கு உறுதிசெய்யுங்கள். இந்த ஒரு எண்ணில் பத்து விழுக்காடு பிழை இருந்தால் வர்க்க இடப்பெயர்ச்சியில் இருபது விழுக்காடு பிழை வரும்.

ஒவ்வொரு செறிவிலும் குறைந்தது முப்பது துகள், ஒவ்வொன்றுக்கும் 30 நொடி. மறதி நேரத்தையும் அளக்க வேண்டும் என்றால் 30 நொடி போதாது, 100 நொடிக்கு மேல் தேவை. ஒரு பாதையின் நீளத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட கால இடைவெளிகளை நம்ப முடியாது.

பாதையிலிருந்து வேகம்

துகளைப் பின்தொடரப் பைத்தான் நிரல்மொழியில் டிராக்பை, ஃபிஜி என்ற படப் பகுப்பாய்வு மென்பொருளில் டிராக்மேட் என்று நல்ல இலவச மென்பொருள்கள் உள்ளன. இரண்டு சட்டங்களுக்கு இடையே துகள் போகக்கூடிய அதிகபட்சத் தூரத்தை அவை கேட்கும். நொடிக்கு 5 மைக்ரோமீட்டர், 25 சட்டம் என்றால் ஒரு சட்டத்துக்கு 0.2 மைக்ரோமீட்டர் நீச்சலும் அதே அளவு நடுக்கமும் இருக்கும். 1 மைக்ரோமீட்டர் கொடுத்தால் பாதுகாப்பு. 5 கொடுத்தால் பக்கத்துத் துகளின் பாதையோடு ஒட்டித் தைத்துவிடும், திடீரென்று ஒரு துகள் பாய்ந்ததுபோலத் தெரியும்.

பிறகு வடிகட்டல். ஒட்டிக்கொண்டவை, ஜோடிகள், செதில்கள், பார்வைப்புலத்தின் ஓரத்தில் பாதி தெரிபவை எல்லாவற்றையும் நீக்குங்கள். எந்த விதியால் நீக்கினீர்கள் என்று எழுதி வைத்து, அதே விதியைப் பெராக்சைடு இல்லாத மாதிரிக்கும் பயன்படுத்துங்கள். வேகமாகப் போகும் துகள்களை மட்டும் பொறுக்கி எடுப்பது தெரியாமலே நடக்கும் ஏமாற்று.

ஒவ்வொரு சட்டத்திலும் எல்லாத் துகள்களின் இடப்பெயர்ச்சிச் சராசரியைக் கண்டு கழித்துவிடுங்கள். நீச்சல் திசைகள் சிதறியிருப்பதால் நீச்சல் அந்தச் சராசரியில் ஏறக்குறைய அழிந்துபோகும்; மிதப்பு எல்லாருக்கும் பொது என்பதால் தங்கும். மூன்று நான்கு துகள் மட்டுமே இருந்தால் இந்தக் கழித்தல் நீச்சலையும் சேர்த்துத் தின்றுவிடும், அதனால் அங்கே பூசாத உருண்டைகளைச் சிறிது கலந்து, அவற்றின் மிதப்பைக் கழிப்பது மேல்.

இப்போது குறுகிய கால இடைவெளிகளில் வர்க்க இடப்பெயர்ச்சிச் சராசரியை இந்த வடிவத்தோடு பொருத்துங்கள்: 4 × விரவல் கெழு × காலம் + வேகம்² × காலம்². எவ்வளவு தூரம் பொருத்துவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பரவளையம் ஒரு தோராயம். திசை மறப்பதால் இரண்டாவது உறுப்பு (1 − காலம் ÷ மறதி நேரத்தின் மும்மடங்கு) என்ற விகிதத்தில் குறைந்துகொண்டே வரும். மறதி நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை, நம் துகளுக்குச் சுமார் 1 நொடி வரை பொருத்தினால் வேகம் மூன்று விழுக்காடு குறைவாகக் காட்டும், இது தாங்கக்கூடியது. 5 நொடி வரை பொருத்தினால் வேகம் பொய்.

மெதுவான துகள்களுக்கு இந்த முறை கைகொடுக்காது. நீச்சல் நடுக்கத்தை முந்த ஆகும் நேரம் 4 × விரவல் கெழு ÷ வேகம்². வேகம் 5 என்றால் அது 0.04 நொடி. வேகம் 0.5 என்றால் கிட்டத்தட்ட 4 நொடி. அதற்குள் திசை மறக்கத் தொடங்கிவிடும். நொடிக்கு அரை மைக்ரோமீட்டர் வேகத்தைக் கண்டுபிடித்ததாக யாராவது சொன்னால், பெராக்சைடு இல்லாத மாதிரியில் அதே பொருத்தல் எந்த ‘வேகத்தை’த் தருகிறது என்று கேளுங்கள். பொருத்தல் எப்போதும் ஏதோ ஒரு எண்ணைத் தரும்.

இன்னொரு திடுக்கிடல்: அளந்த விரவல் கெழு 0.245-க்குப் பதில் 0.13 போல வரும். இது பிழையல்ல. துகள் தளத்துக்கு மிக அருகில் இருக்கிறது. சுவருக்கும் துகளுக்கும் இடையே 0.3 மைக்ரோமீட்டர் இடைவெளி என்றால், சுவரின் இழுவையால் சுவருக்கு இணையான விரவல் கிட்டத்தட்ட பாதியாகும். அதனால் தாளில் கணக்கிட்ட கெழுவைப் பொருத்தலில் திணிக்காதீர்கள்; பெராக்சைடு இல்லாத மாதிரியில் அளந்ததைப் போடுங்கள்.

ஒப்பீட்டு மாதிரிகள்

இவை இல்லாமல் மேலே செய்த எதற்கும் மதிப்பில்லை. பூசிய துகள், வெறும் நீர்: நேர்கோடு வர வேண்டும். பூசாத துகள், 3 விழுக்காடு பெராக்சைடு: மீண்டும் நேர்கோடு, வளைந்தால் மிதப்பு இருக்கிறது. பூசிய துகள், பெராக்சைடு, 1 மில்லிமோல் சோடியம் குளோரைடு: வேகம் தெளிவாகக் குறையும். கடைசியானது வெறும் சரிபார்ப்பு அல்ல. நடுநிலை மூலக்கூறுகளான பெராக்சைடு, ஆக்சிஜன் ஆகியவற்றின் செறிவுச் சரிவு மட்டுமே துகளைத் தள்ளுகிறது என்றால் இவ்வளவு சிறிய உப்பு அதை அதிகம் பாதிக்கக் கூடாது. பாதிக்கிறது என்பதால், அயனிகளும் மின்புலமும் உந்துதலில் பங்கெடுக்கின்றன என்று தெரிந்தது. 2007-ல் ஷெஃபீல்டில் இந்த வகை உருண்டைகளின் நீச்சல் அளக்கப்பட்டபோது வெறும் செறிவுச் சரிவு விளக்கமே போதுமானதாகத் தெரிந்தது. 2014 வாக்கில் உப்புச் சோதனைகள் அந்தப் படத்தை மாற்றின. உங்கள் குறிப்பேட்டில் வேகத்தோடு நீரின் மின்கடத்துதிறனையும் எழுதாவிட்டால், அந்த வேகத்தை வேறொருவர் மறுபடி எடுக்க முடியாது.

துகளின் திசையையும் சேர்த்துப் பாருங்கள். ஒவ்வொரு நொடியும் அது பிளாட்டினத் தொப்பியைப் பின்னால் வைத்துத்தான் போகிறதா? மிதப்புக்குத் தொப்பியின் திசை தெரியாது. தனி நீச்சலுக்கு இதைவிட நேரடியான சான்று இல்லை.

திரவம் எப்படி ஓடுகிறது

கீழே படியும் ஒரு மணல் துகளை ஈர்ப்பு இழுக்கிறது. அது திரவத்தின்மேல் நிகர விசையைச் செலுத்துவதால் அதைச் சுற்றிய ஓட்டம் தூரத்தின் தலைகீழாக மெதுவாகத் தேயும். நீந்தும் துகளின் மேல் அத்தகைய வெளி விசை இல்லை. முன்னே தள்ளும் விசையும் பின்னே இழுக்கும் பாகியல் விசையும் ஒன்றையொன்று அழித்துவிடுவதால், மிச்சமிருக்கும் ஓட்டம் தூர வர்க்கத்தின் தலைகீழாகவோ இன்னும் வேகமாகவோ தேயும். முன்னும் பின்னும் திரவத்தைத் தள்ளிப் பக்கவாட்டில் உள்ளிழுப்பவை தள்ளுவான்கள், எதிர்மாறாகச் செய்பவை இழுவான்கள். சுவருக்கு அருகே தள்ளுவான் சுவருக்கு இணையாகத் திரும்பி அதை ஒட்டியே நீந்தும். ஜேனஸ் உருண்டைகளும் சுவரோரம் சிக்கிக்கொள்வதைக் காண்பீர்கள், ஆனால் அங்கே சுவரால் தடைபடும் வேதிச் சரிவும் சேர்ந்து திசையைப் பிடித்துவைக்கிறது. ஓட்டத்தை மட்டும் காரணம் காட்டிவிட முடியாது. பார்வைக்கு இது வசதி: துகளின் அச்சு படத்தளத்திலேயே கிடப்பதால், நிரலில் எழுதிய இரு பரிமாண மாதிரி இதற்கு அப்படியே பொருந்தும்.

ஓட்டத்தைக் கண்ணால் பார்க்க 0.2 மைக்ரோமீட்டர் விட்ட ஒளிரும் துகள்களைக் கலப்பார்கள். எதிர்பார்ப்பைக் கணக்கோடு வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து ஆரத் தூரத்தில் ஓட்டத்தின் வேகம் நொடிக்கு 0.2 மைக்ரோமீட்டர் அளவு. பத்தில் ஒரு நொடியில் ஓட்டம் அந்தச் சிறு துகளை 0.02 மைக்ரோமீட்டர் நகர்த்தும். வெப்ப நடுக்கமோ 0.7 மைக்ரோமீட்டர். குறியும் இரைச்சலும் சமமாகவே ஆயிரத்துக்கு மேற்பட்ட அளவீடுகள் வேண்டும், பத்து விழுக்காடு துல்லியத்துக்கு லட்சத்துக்கு மேல். ஒவ்வொரு சட்டத்தையும் நீந்தும் துகளை மையமாகவும் அதன் திசையை அச்சாகவும் வைத்துச் சுழற்றி அடுக்கினால்தான் இது கைகூடும். அப்படிக் கிடைத்த படத்தையும் திரவத்தின் ஓட்டம் என்று உடனே பெயரிட முடியாது, ஏனென்றால் நீந்தும் துகள் உண்டாக்கும் அதே வேதிச் சரிவும் மின்புலமும் அந்தச் சிறு துகள்களையும் தள்ளும். திரவ ஓட்டமும் இந்தத் தள்ளலும் தூரத்தோடு ஒரே விதத்தில், தூர வர்க்கத்தின் தலைகீழாகத் தேய்வதால் வளைவைப் பார்த்துப் பிரிக்க வழியில்லை. மேற்பரப்பு மின்னூட்டம் வேறுபட்ட இரண்டு வகைச் சிறு துகள்களை எடுத்து, அதே சோதனையை இரண்டு முறை செய்யுங்கள். இரண்டு படங்களும் ஒத்துவரும் பகுதியைத் திரவ ஓட்டமாகக் கொள்ளலாம். வேறுபடும் இடத்தில் அந்தச் சிறு துகள்கள் தாங்களே நகர்ந்திருக்கின்றன.